கண்டக்டரக்கா போட்ட கோடு

சம்பளம் வாங்குகிறவர்களே திங்கட்கிழமை என்றால் மூக்கால் அழுகிற உலகம் இது. இதில் சம்பளமே இல்லாத வேலைக்குச் செவ்வாய்தோறும் காலை ஆறே முக்காலுக்கு வந்து நிற்கிற ஆறு பேரை என்னவென்று சொல்வது? பைத்தியம் என்று சொல்லலாம். அவர்களுடைய வீடுகளில் அப்படித்தான் சொன்னார்கள்.

கோல்ஃப் மைதானத்தின் பின்வாசலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே உரச் சாக்குகள், ரப்பர் குழாய்ச் சுருள்கள், துருப்பிடித்த தள்ளுவண்டி. அந்தக் கொட்டகையின் சாவி கண்டக்டரக்காவிடம் இருக்கும். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெறுகிற அன்று பையைக் கொடுத்தாள், சீருடையைக் கொடுத்தாள், விசிலை மட்டும் தொலைந்துவிட்டது என்று சத்தியம் செய்தாள். அந்தத் தொலைந்த விசில் சாவியோடு ஒரே கயிற்றில் அவள் கழுத்தில் தொங்கும். வயது அறுபத்தைந்து. குரலுக்கு மட்டும் இன்னும் இருபத்தைந்துதான்.

அவளுக்கு வலது கை போல இருந்தவர் பல் டாக்டர். ஆஸ்பத்திரியை மகனிடம் கொடுத்துவிட்டு வந்தவர். களை பிடுங்க எல்லோரும் சிறு மண்வெட்டி எடுத்தால் அவர் சட்டைப் பையிலிருந்து பல் நோண்டுகிற கொக்கியை எடுப்பார். "வேரோட வரணும் கண்டக்டரம்மா. பாதியில ஒடிஞ்சா மறுபடி வலிக்கும்" என்பார். யாருக்கு வலிக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

வேலைக்குக் குறைவே கிடையாது. பந்தை அடிக்கிறேன் பேர்வழி என்று ஆட்டக்காரர்கள் மட்டையால் புல்லைக் கையகலம் பெயர்த்துப் போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளங்களில் மணலும் விதையும் கலந்து நிரப்ப வேண்டும். மணல் குழிகளை வாரிச் சமன் செய்ய வேண்டும். பாத்திகளுக்குத் தண்ணீர் விட வேண்டும். இது ஆறு பேருக்கும் பொது. கண்டக்டரக்காவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கோடு போடுவது.

மைதானத்தில் தண்ணீர் தேங்கிய இடம், புது விதை போட்ட இடம், குழாய் பதிக்கத் தோண்டிய இடம், மிதிபடக் கூடாத இளஞ்செடி இருக்கும் இடம் இவற்றைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட்டில் கோடு இழுத்துவிட்டால், அதற்குள் விழுந்த பந்தை அங்கே நின்று யாரும் அடிக்கக் கூடாது. எடுத்து வெளியே வைத்துத்தான் ஆட வேண்டும். எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் அந்தக் கோட்டுக்கு முன்னால் சின்ன மனுஷன்தான். போட்டிக்கு முன்னால் எங்கெங்கே கோடு என்று ஒரு படிவத்தில் எழுதி, போட்டவர் கையெழுத்திட்டு, கிளப் தலைவரும் கையெழுத்திட்டு, வெளியிலிருந்து வருகிற நடுவர் சுற்றிப் பார்த்து ஒப்பமிடுவார். ஒப்பமிட்ட பிறகு, போட்டியின் கடைசிப் பந்து குழியில் விழும்வரை கோட்டுக்குள் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. அதுதான் விதி.

சம்பள ஆள் செய்ய வேண்டிய வேலை அது. ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்னால் கிளப் நாலு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புல் வெட்டுகிற புல்லுக்காரரை மட்டும் வைத்துக்கொண்டது. அவர் ஒருநாள் பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து, "அக்கா, எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான். இத நீங்க போட்டுக் குடுத்துடுங்க" என்றார். ஆடுகிற பஸ்ஸில் நின்றபடியே எழுதிப் பழகிய கை. ஆடாத தரையில் கோடு கம்பி போல வந்தது. போட்டவர் என்ற இடத்தில் அவளே கையெழுத்தும் போட்டாள். ஓசியில் நடக்கிற காரியத்தை எந்தக் கிளப் வேண்டாம் என்று சொல்லும்?

இதெல்லாம் புது மேனேஜருக்குத் தெரியாது. வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஏதோ பெரிய ஹோட்டலில் இருந்தாராம். யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே என்பது போல, அவருடைய புது ஷூ கிறீச்சிடும் சத்தம் பத்தடிக்கு முன்னாலேயே வந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வந்தது. கண்டக்டரக்கா ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில் இருக்கும் பாத்தியில் முழங்கால் போட்டு வாடாமல்லிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி."

"நல்ல செய்தின்னு ஆரம்பிக்கிறவங்கள முப்பத்தோரு வருஷம் பஸ்ல பாத்திருக்கேன். சொல்லுங்க."

"அடுத்த வாரத்துலேருந்து ஒரு கம்பெனி வந்து மெயின்டனன்ஸ் பாத்துக்கும். நீங்கல்லாம் இனிமே சிரமப்பட வேணாம். நிம்மதியா ரெஸ்ட் எடுக்கலாம்."

"எங்களுக்கு ரெஸ்ட் வேணும்னு யாரு மனு குடுத்தா?"

மேனேஜர் சிரித்துக்கொண்டார். ஹோட்டலில் கற்ற சிரிப்பு. "இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை போட்டிக்கு ஸ்பான்சர் பண்றவங்களோட டென்ட்டு இங்கதான் வரப்போகுது. இங்கேருந்து பாத்தாதான் வ்யூ நல்லா இருக்காம். வெள்ளிக்கிழமை காலையில மிஷின் வந்து இத சமம் பண்ணிடும்."

"எத?"

"இந்தப் பாத்திய."

பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பல் டாக்டரின் கையில் கொக்கி அப்படியே நின்றது. கண்டக்டரக்கா எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"செடியெல்லாம்?"

"தொட்டி வாங்கி வெச்சிடலாம் மேடம். பிளாஸ்டிக் பூகூட இப்ப அசல் மாதிரியே வருது. தண்ணியும் ஊத்த வேணாம்." கொஞ்சம் இரங்கிய குரலில் சேர்த்துக்கொண்டார்: "கொட்டகை சாவிய வெள்ளிக்குள்ள ஆபீஸ்ல குடுத்துடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாலண்டியர்ஸ். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்தானே?"

"ஆமா. அப்ப வர்றது என் இஷ்டம்" என்றாள் கண்டக்டரக்கா.

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு கிறீச் கிறீச்சென்று போய்விட்டார்.

அந்தப் பாத்தியின் கதையை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பழைய உடை மாற்றும் அறையை இடித்து, குப்பையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கொட்டிவைத்த மேடு அது. உடைந்த ஓடு, சிமெண்ட் கட்டி, கண்ணாடிச் சில்லு. ஆறு பேரும் பதினாலு மாதம் வாளி வாளியாக அள்ளினார்கள். முதல் வருஷம் நட்டதெல்லாம் கருகியது. இரண்டாம் வருஷம் எலி தின்றது. மூன்றாம் வருஷம் ஒரே ஒரு ரோஜாச் செடி, போனால் போகிறது என்று பிழைத்தது. இப்போது அங்கே பதினேழு ரோஜா, வரப்பு முழுக்கச் சாமந்தி, நடுவே வாடாமல்லி. ஒன்பதாவது குழியில் பந்து போகாமல் வெறுத்துப் போகிறவர்கள்கூட அங்கே ஒரு நிமிஷம் நின்று மூச்சு விட்டுவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு யாருக்கும் வேலை ஓடவில்லை. கொட்டகை வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஸ்டிரைக் பண்ணிடுவோம்" என்றார் பல் டாக்டர்.

"டாக்டர், சம்பளம் வாங்குறவன் வேலைய நிறுத்துனா ஸ்டிரைக்கு. நாம நிறுத்துனா அதுக்குப் பேரு ரெஸ்ட்டு. அதத்தானே அந்த ஆளும் எடுத்துக்கச் சொல்றான்?" என்றாள் கண்டக்டரக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கே தங்கை. இருவருமாக மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார்கள். பால்கனி கிடையாது. ஜன்னலில் ஒரு தொட்டி வைத்தால் கீழ்வீட்டுக்காரி தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டைக்கு வந்துவிடுவாள். தங்கை துணி மடித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"அவங்க எடம், அவங்க செடி. உனக்கு ஏன்க்கா வயிறு எரியுது? ஊரான் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தி முட்டி தேஞ்சதுதான் மிச்சம். விட்டுத் தொலையேன்."

"முப்பத்தோரு வருஷம் ஓடுற தரையில நின்னவடி நான். பிரேக் போட்டா முன்னால போவேன், கிளப்புனா பின்னால போவேன். கம்பியப் புடிச்சுக்கிட்டே வயசு போச்சு. கால் ஆடாம நின்ன முதல் எடம் அந்தப் பாத்திதான். என்னால விட முடியாது."

தங்கை மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். கண்டக்டரக்கா தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம்தான். பிளாஸ்டிக் பூவாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாமாம். அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை போட்டிக்குக் கோடு போடும் நாள். மத்தியானம் புல்லுக்காரர் வழக்கம் போல டப்பாக்களையும் படிவத்தையும் கொட்டகையில் வைத்தார். ஏழு இடத்துக்குக் கோடு என்று குறித்திருந்தது. கண்டக்டரக்கா படிவத்தைப் பார்த்தாள். கீழே இன்னும் மூன்று வரி காலியாகக் கிடந்தது. அவள் அந்தக் காலி வரியையே பார்த்துக்கொண்டிருப்பதைப் புல்லுக்காரர் பார்த்தார்.

"அக்கா, எனக்கு ரெண்டு புள்ளைங்க" என்றார் மெதுவாக.

"தெரியும் தம்பி. உன் பேரு இதுல வராது. போட்டது நான், கையெழுத்து என்னுது. தலைவர் வழக்கம் போல படிக்காமத்தான் கையெழுத்துப் போடுவாரு. நீ போயி உன் புல்ல வெட்டு."

அவர் இரண்டடி போய்த் திரும்பினார். "பாத்தி மண்ணு ஈரமா இருக்கும். ஓரத்துல பெயின்ட்டு நிக்காது. ஒரு சாண் தள்ளிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு சாண் தள்ளியே போட்டாள். பல் டாக்டர் கயிற்றைப் பிடிக்க, பதினேழு ரோஜாவையும் சாமந்தி வரப்பையும் வாடாமல்லியையும் சுற்றி வெள்ளைக் கோடு வந்து முட்டியது. படிவத்தில் எட்டாவதாக எழுதினாள்: ஒன்பதாவது குழித் தோட்டம். செடிகளைக் காக்க. தலைவர் காரில் ஏறப்போகும் அவசரத்தில், போனில் பேசிக்கொண்டே, பேனாவை வாங்கிக் கிறுக்கிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நடுவர் வந்தார். ஒல்லியான மனிதர். வெந்நீரைத் தவிர வேறெதையும் குடிக்க மாட்டார், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு பாத்திக்கு வந்து நின்றார்.

"இது புதுசா இருக்கே?"

பொய் சொல்லியிருக்கலாம். கண்டக்டரக்காவுக்கு வாய் வரவில்லை. விசில் விஷயத்தில் சொன்ன ஒரு பொய்யே ஆயுசுக்குப் போதும் என்று நினைத்தாளோ என்னவோ. "நாளைக்கு மிஷின் வெச்சு இத அழிக்கப் போறாங்க சார். அழிக்கக் கூடாதுன்னுதான் போட்டேன்" என்றாள்.

நடுவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு பூக்களைப் பார்த்தார். "யாரு எத அழிக்கிறாங்கங்கிறது என் வேலை இல்ல. செடியக் காப்பாத்தக் கோடு போடலாம்னு விதியில இருக்கு. கோடு நேரா இருக்கு" என்று சொல்லி ஒப்பமிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மஞ்சள் நிற மிஷின் உறுமிக்கொண்டு வந்தது. அதற்கு முன்பாகவே ஆறு பேரும் பாத்திக்குள் வரிசையாக, செடியை மிதிக்காமல் ஒற்றைக்காலும் அரைக்காலுமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஏழாவதாக ஒருத்தி பிளாஸ்க்கும் கையுமாகப் புல்லின் மேல் தத்தித் தத்தி வந்தாள். தங்கை.

"நீ ஏண்டி வந்தே?"

"டீ குடிக்காம நின்னா உனக்குத் தலைவலி வரும். நகரு, நானும் எங்கயாவது நிக்கிறேன்."

மிஷின் கோட்டுக்கு நாலடியில் வந்ததும் கண்டக்டரக்கா விசிலை ஊதினாள். ஒரே ஊது. டிரைவர் என்று எவன் இருந்தாலும் அந்தச் சத்தத்துக்குக் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். மிஷின்காரனுக்கும் போனது.

ஷூ சத்தம் இந்த முறை ஓடி வந்தது. "மேடம்! என்ன இது? வெளிய வாங்க!"

"கோட்டப் பாருங்க சார். ஒப்பம் போட்ட கோடு. ஞாயித்துக்கிழமை கடைசிப் பந்து விழற வரைக்கும் இதுக்குள்ள கல்லக்கூட அசைக்கக் கூடாது."

"பெயின்ட்டுதானே? அழிச்சிட்டு வேற எடத்துல போட்டுக்குங்க!"

பல் டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மேனேஜருக்கு முகம் சிவந்தது. தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்தார். கூடவே, வராந்தாவில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த நடுவரும் என்ன சத்தம் என்று பார்க்க வந்தார்.

"நடுவர் சார், ஒரு கோடுதானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே" என்றார் தலைவர்.

"ஒப்பம் போட்டாச்சு. உங்க கையெழுத்தும் இருக்கு" என்றார் நடுவர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மேனேஜர் அப்போது வாயைத் திறந்தார். "சார், அடிப்படையே தப்பு. இந்தம்மா போட்ட கோடு எப்படி செல்லும்? இவங்க கிளப் ஸ்டாஃபே கிடையாது. சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. சும்மா வந்து போறவங்க. இவங்க கையெழுத்துக்கு என்ன மதிப்பு?"

நடுவர் தலைவர் பக்கம் திரும்பினார். "இவரு சொல்றதுதான் கிளப்போட நிலைப்பாடா?"

"ஆமா, அதாவது, ஒரு வகையில..." என்று தலைவர் இழுத்தார்.

"அப்படின்னா விஷயம் பெருசு. எட்டு வருஷமா இங்கேருந்து வர்ற ஒவ்வொரு படிவத்துலயும் போட்டவர்ங்கிற எடத்துல இவங்க கையெழுத்துதான் இருக்கு. அது செல்லாதுன்னா அந்தப் போட்டி எதுவும் செல்லாது. நான் அப்படியே எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. தலைவரின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. கிளப்புக்குள் நுழைகிற எவரும் முதலில் பார்ப்பது கண்ணாடி அலமாரியில் இருக்கும் வெள்ளிக் கோப்பையையும், அதைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு தலைவர் நிற்கும் படத்தையும்தான். அறுபது வயதில் முதலும் கடைசியுமாக அவர் ஜெயித்த கோப்பை.

கண்டக்டரக்கா செடிகளுக்கு நடுவிலிருந்தே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலே எல்லோருக்கும் கேட்டது.

"சார், மூணு வருஷத்துக்கு முன்னால பன்னெண்டாவது குழியில உங்க பந்து சேத்துல விழுந்துச்சு. என் கோட்டுக்குள்ள விழுந்ததால வெளிய எடுத்து வெச்சு ஆடுனீங்க. ஒரே ஒரு அடியில ஜெயிச்சீங்க. அன்னைக்கு என்னப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டீங்க, ஞாபகம் இருக்கா? அந்தக் கோடு செல்லும், இந்தக் கோடு செல்லாதா? ரெண்டும் ஒரே கைதான் சார். அன்னைக்கும் எனக்கு யாரும் சம்பளம் குடுக்கல."

மிஷின்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கதை கேட்டான். புல்லுக்காரர் தூரத்தில் வெட்டிய இடத்தையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார். தலைவர் இருமினார். மறுபடியும் இருமினார். கடைசியில் மேனேஜரைப் பார்த்து, "டென்ட்ட கார் நிறுத்துற எடத்துல போடச் சொல்லுங்க" என்றார்.

"சார், அங்கேருந்து வ்யூ..."

"வ்யூவப் பத்தி அப்புறம் பேசலாம்."

மிஷின் பின்வாங்கியது. ஏழு பேரும் பாத்தியிலிருந்து வெளியே வந்து பிளாஸ்க் மூடியிலேயே மாற்றி மாற்றி டீ குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டியில், ஸ்பான்சர் கம்பெனியின் பெரிய முதலாளி அடித்த பந்து நேராக ரோஜாவுக்குள் போய் உட்கார்ந்ததாம். நடுவர் கோட்டைக் காட்டினாராம். முதலாளி மறுபேச்சில்லாமல் பந்தை எடுத்து வெளியே வைத்து ஆடினாராம். வரப்பைத் தாண்டுகிறபோது சாமந்தியை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்தார் என்று புல்லுக்காரர் போனில் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஆறே முக்காலுக்கு ஆறு பேரும் வந்தார்கள். கொட்டகை வாசலில் மேனேஜர் காத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சீக்கிரம் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"மேடம், போட்டி முடிஞ்சிடுச்சு. கோட்டுக்கு இனிமே வேலை இல்ல. பத்து நாள் வெயில்ல தானா அழிஞ்சிடும். கம்பெனியோட ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கு. சாவி." கையை நீட்டினார்.

கண்டக்டரக்கா கழுத்துக் கயிற்றை எடுத்துச் சாவியைப் பார்த்தாள். பிறகு அவர் கையைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தாள்.

"தம்பி, ஒருத்தர வேலைய விட்டு நிறுத்தணும்னா முதல்ல வேலைக்கு வெச்சிருக்கணும். நீங்க எங்கள வெக்கவே இல்லையே. எத நிறுத்துவீங்க?"

மேனேஜர் பதிலுக்கு வாயைத் திறந்தார். போன வாரம் வாயைத் திறந்து பட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார்.

அவள் உள்ளே போய் அலமாரியிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். பாதிக்கு மேல் இருந்தது. அடுத்த போட்டிக்கு இன்னும் ஆறு வாரம். அதற்குள் கோடு நாலு முறை அழியும், ஐந்து முறைகூட அழியலாம்; அழிய அழியப் போட்டுவைத்தால் அடுத்த படிவத்திலும் அது எட்டாவதாக ஏறும்.

"டாக்டர், கயித்த எடுத்துக்கிட்டு வாங்க. கிழக்குப் பக்கம் புல்லு வெட்டி மங்கிப் போயிருக்கு, முதல்ல அதப் போடுவோம்" என்றாள். பிறகு வழியை மறித்து நின்ற மேனேஜரைப் பார்த்து, முப்பத்தோரு வருஷம் சொல்லிப் பழகிய அதே குரலில் சொன்னாள்:

"படியில நிக்காதீங்க சார். வழி விடுங்க."